‘ஊர்’ என்று நான் மாற்றிய கட்டம்

தேவன் ஒரு சப்பாத்தைத்தான் கழற்றியிருந்தான். மற்றதைக் கழற்றுவதா வேண்டாமா என்ற யோசனையில் எங்கள் வாசல் மிதியடியில் ஒற்றைக் காலில் நின்றான். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி உருகி மிதியடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பை, அதற்குள் நாலைந்து தோடம்பழம்.

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் வீடு நாலாம் மாடி. அந்தக் கிழமை லிப்ட் பழுது. ஏறி வந்த மூச்சு அவனுக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வேட்டிக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம். கோயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். சகாய சங்கத்தின் காசைப் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு சதம் பிசகாமல் காத்ததற்காக.

“அண்ணை, ஒரு சின்ன அலுவல்.”

“சொல்லு, கெதியாச் சொல்லு. கார் கீழை நிக்குது.”

“சங்கத்துப் போர்மிலை ஒரு பேர் சேர்க்கவேணும். எனக்கு ஏதும் ஒண்டு நடந்தால், தங்கச்சிக்கு...”

“வாயைக் கழுவடா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்திலை என்ன கதை கதைக்கிறாய்?”

அவன் சிரித்தான். “ரெண்டு நிமிசம் அண்ணை.”

“உனக்கென்னடா குறை? கல்லுக்குண்டு மாதிரி நிக்கிறாய். என்னை எரிச்சுப்போட்டுத்தான் நீ போவாய். பிறகு பாப்பம்.”

அடுப்படிக்குள்ளிருந்து என் மனைவி பவளம் எட்டிப் பார்த்தாள். “தேவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்.”

“இல்லை அக்கா, இவருக்கு நேரம் போகுது. பிறகு வாறன்.”

பழப்பையைச் சப்பாத்துத் தட்டின் மேல் வைத்தான். கழற்றிய சப்பாத்தைத் திரும்பப் போட்டுக் குனிந்து நாடாவைக் கட்டினான். படியிறங்கிப் போனான்.

மூன்று கிழமையில் தேவன் செத்துப்போனான்.

நான் அவனுக்குக் கொடுக்காத அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கிழமை எழுதுகிறேன். எழுதச் சொன்னது பத்திரிகை ஆசிரியர் இல்லை. அவர் கேட்டது வேறு. “சங்கத்தை நீங்கள் வளர்த்த பெருமையை எழுதுங்கோ, ஆக்கள் விரும்பி வாசிப்பினம்” என்றார். அதையும் எழுதுவேன். பெருமை இல்லாமல் எனக்கு எழுத வராது.

எட்டாம் வகுப்புக் கசேரர்

போன கிழமை ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலைக் கதையை வாசித்துவிட்டு எத்தனையோ பேர் தொலைபேசி எடுத்தார்கள். ஒருவர் மட்டும் “அண்ணை, கொஞ்சம் கூட்டித்தான் எழுதிறியள்” என்றார். கூட்டவில்லை. விறைத்த விரலால் ஒரு மணித்தியாலத்தில் நான் வெட்டிய மீனை அவர் ஒரு நாளில் வெட்டட்டும், பார்ப்போம்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் எட்டை முடிக்கவில்லை. ஆனால் கணக்கு எனக்கு மனத்தில் ஓடும். மீன் வெட்டினேன், பிறகு ஒஸ்லோவில் ஆசுப்பத்திரித் துணி வெளுத்தேன், பிறகு சொந்தமாகத் துப்புரவுக் கம்பனி தொடங்கிப் பதினாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தேன். பட்டதாரிகள் என்னிடம் விடுமுறை கேட்டு நின்றிருக்கிறார்கள்.

பொருளாளருக்கு இந்த நாட்டு மொழியான நொர்ஸ்க்கில் கசேரர் என்று பெயர். சகாய சங்கம் தொடங்கிய நாளிலிருந்து போன வருடம் வரை நான்தான் கசேரர். வேறு பெயர் தேர்தலுக்கு வந்ததே இல்லை.

சங்கம் எதற்கு என்று தெரியாதவர்களுக்கு ஒரு சொல். மாதம் ஒரு சிறு தொகை கட்டவேண்டும். உறுப்பினர் ஒருவர் இறந்தால் சவ அடக்கச் செலவைச் சங்கம் பார்க்கும். அதோடு வீட்டுக்கு ஒரு தொகை கொடுக்கும். ஒரு பழைய கார் வாங்கலாம் இங்கே. வவுனியாவில் என்றால் ஒரு சின்ன வீட்டுக்குக் கூரை போடலாம்.

எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் செத்தால் தொப்பி ஏந்துகிற மாதிரி வீடு வீடாகக் காசு சேர்ப்பார்கள். பெட்டி ஆசுப்பத்திரியில் காத்திருக்கும். அந்த அவமானத்தை நிறுத்தியவன் நான். இதை யாரும் மறுக்க முடியாது. அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாளுக்கு முன்னம், காசு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். என் காலத்தில் ஒரு தடவை கூடத் தவறவில்லை.

சரியான வீட்டுக்குப் போனதா என்பதுதான் கேள்வி.

லாயோஷ் தந்த படிவம்

சங்கம் என்ற யோசனை என்னுடையது இல்லை. இதை நான் இதுவரை மேடையில் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். அது ஒரு ஹங்கேரிக்காரரின் யோசனை.

துணி வெளுக்கும் இடத்தில் லாயோஷ் என்று ஒரு கிழவர் இயந்திரம் திருத்துபவராக இருந்தார். இளவயதில் தன் நாட்டிலிருந்து ஓடி வந்தவர். என்னைப் போல அவரும் அகதி, ஆனால் எனக்கு முப்பது வருடத்துக்கு முந்திய அகதி. அவருடைய நொர்ஸ்க்கும் என்னுடைய நொர்ஸ்க்கும் சேர்ந்தால் ஒரு வசனம் முழுதாக வரும்.

சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருப்போம். அங்கேதான் சூடு. என் பெட்டிக்குள்ளிருந்து வரும் மீன்குழம்பு வாசத்துக்கு மற்றவர்கள் எழும்பிப் போவார்கள். லாயோஷ் பாணைத் தொட்டுத் தின்பார். அவர் கொண்டுவரும் மிளகாய்த்தூள் போட்ட கொழுத்த இறைச்சிக்கு நான் பழகிக்கொண்டேன்.

அவர் ஹங்கேரிக்காரரின் சகாய சங்கத்துக்குக் கசேரர். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருந்தார்களாம். நான் அறிந்தபோது பதினொரு பேர். மாதா மாதம் பச்சை மட்டைக் கோப்பைத் திறந்து பதினொரு பேருக்கும் பற்றுச்சீட்டு எழுதுவார், ஏதோ பெரிய வங்கி நடத்துகிற மாதிரி.

“பதினொண்டு பேருக்கு ஏன் இவ்வளவு பாடு?” என்று கேட்டேன்.

“கடைசி ஆளாக நான் இருந்தால் எனக்கு யார் பற்றுச்சீட்டு எழுதுவது என்பதுதான் பிரச்சினை” என்றார். பிறகு சிரித்துச் சிரித்து இருமினார்.

நாங்களும் அப்படி ஒன்று தொடங்கப்போகிறோம் என்று சொன்ன அன்று தன் சங்கத்து வெற்றுப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் அவருடைய மொழி, மறுபக்கம் நொர்ஸ்க். பெயர், பிறந்த திகதி, முகவரி, வேலை. கடைசியில் கறுப்புக் கோடு போட்ட ஒரு பெரிய கட்டம். அதன் மேல் விரலை வைத்துத் தட்டினார்.

“இதை நிரப்பாதவனிடம் ஒரு குரோணர்கூட வாங்காதே.”

தான் இறந்தபின் காசு யாருக்கு என்று உறுப்பினர் தன் கையால் எழுதவேண்டிய கட்டம் அது.

“ஏன், பெண்சாதிக்குத்தானே?” என்றேன்.

“எங்களுடைய ஒருவன் இதை நிரப்பாமல் செத்தான். சவ அடக்கத்துக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். இரண்டு பேரும் கறுப்பு உடுப்பு, இரண்டு பேரும் அழுகை, இரண்டு பேரிடமும் மோதிரம். நான் நடுவில்.”

“பிறகு?”

“ஒரு வருடம் என்னோடு இரண்டு பேரும் கதைக்கவில்லை. அதுதான் ஒரே ஆறுதல்.”

வெள்ளைத் தாள்

லாயோஷ் சொன்னபடி தமிழில் படிவம் செய்தேன். கடைசிக் கட்டத்துக்கு ‘என் மரணத்தின் பின் பெறுபவர்’ என்று தலைப்புப் போட்டேன். முத்து முத்தான எழுத்து. எட்டாம் வகுப்பு என்றாலும் என் கையெழுத்துக்குப் பெயர் உண்டு.

முதல் கூட்டம். முப்பது பேர் வந்தார்கள். படிவத்தைக் கொடுத்தேன். பேனைகள் நன்றாக ஓடின. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுபோயின.

முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பினார். “என்ன தம்பி இது? சங்கத்திலை சேர வந்தனாங்களோ, சாக வந்தனாங்களோ?”

“ஐயா, இது ஒரு ஒழுங்குக்கு...”

“என்ரை கையாலை, என்ரை மனுசியின்ரை பேரை, ‘மரணம்’ எண்ட சொல்லுக்குக் கீழை எழுதச் சொல்லுறீரோ? அதைவிட அவளின்ரை தாலியைக் கழட்டச் சொல்லும்!”

பின்னால் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. ஒருத்தி தன் புருசனின் கையிலிருந்த பேனையைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று ஐந்து பேர்தான் சேர்ந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் ஒரு வேலை செய்தேன். வெள்ளைத் தாளில் ஒரு துண்டு வெட்டி, அந்தத் தலைப்புக்கு மேல் ஒட்டினேன். கட்டம் வெறுமையாகப் பெரிதாகத் தெரிந்தது. ஏதாவது எழுதவேண்டும் போல் இருந்தது. ‘ஊர்’ என்று எழுதினேன். அப்படியே நூறு பிரதி எடுத்தேன்.

சனங்களுக்கு என்ன சந்தோசம்! ஊர்ப் பெயரோடு நிற்கவில்லை. வட்டாரம், கோயிலடி, இன்ன பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கை என்று கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்கள். ஒரே கூட்டத்தில் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். சங்கம் நிமிர்ந்தது.

மறுநாள் லாயோஷுக்கு அந்தப் படிவத்தைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. கறுப்புக் கட்டம் நிரம்பியிருந்ததைப் பார்த்து என் தோளில் தட்டினார்.

அது ஊர்ப் பெயர் என்று நானும் சொல்லவில்லை. காசு யாருக்குப் போகவேண்டும் என்பது எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்தேன். எவர் வீட்டில் எத்தனை பிள்ளை, எவர் மாமியாரோடு கோபம், எவர் இரண்டாம் தாரம், எல்லாம் எனக்குத் தலைக்குள் இருந்தது. வருடக்கணக்காக அது போதும் போலவும் இருந்தது. இறந்தவர்கள் எல்லாம் குடும்பகாரர். மனைவி இருந்தாள், கொடுத்தேன்.

நாமினி

தேவன் எங்கள் வாசலில் நின்ற வெள்ளிக்கிழமைக்கு இரண்டாம் நாள், ஞாயிறு, சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம்.

அந்த வருடம்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். கணினி வேலைக்கு வந்தவர்கள். அதில் கார்த்திக் என்று ஒருவர், நல்ல பிள்ளை, கையைத் தூக்கினார்.

“சார், ஒரு சின்ன டவுட். ஃபார்ம்ல நாமினி எங்க போடறதுங்க?”

“என்ன மினி?” என்று பின்னால் ஒருவர் கேட்க மண்டபம் சிரித்தது.

“நாமினிங்க. நமக்கு ஏதாவது ஆச்சுன்னா பணம் யாருக்குப் போகணும்னு. எங்க ஊர்ல பால் பூத்துல சீட்டுப் போட்டாக்கூட கேப்பாங்க.”

இவர்கள் இதைச் சோறு கேட்கிற மாதிரிக் கேட்கிறார்களே என்று எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளைக்கு முன்தான் தோளில் பொன்னாடை விழுந்திருந்தது.

ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். “தம்பி, உங்கடை ஊரிலை கொம்பனிக்காரனுக்கு ஆளைத் தெரியாது. அதாலை பேர் கேக்கிறான். இஞ்சை எனக்கு எல்லாரையும் தெரியும். இந்த மண்டபத்திலை இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஆர் ஆர் எண்டு கேளும், நித்திரையிலை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். எல்லாம் இஞ்சை கிடக்கு.” நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

கைதட்டல். கார்த்திக், “ஓகே சார், ஓகே சார்” என்று உட்கார்ந்தார்.

பின் வரிசையில் தேவன் பாதி எழும்பினான். வாயைத் திறந்தான். கைதட்டல் ஓயவில்லை. நான் அவனைப் பார்த்து, இரு என்று கையால் காட்டினேன். அவன் இருந்தான். அவனும் கை தட்டினான்.

அந்தியேட்டிக்கு முன்னம்

தேவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்களுக்குப் பக்கத்துப் பகுதியான ஹவுகன்ஸ்டுவாவில் ஒற்றை அறை வீடு. கலியாணம் கட்டவில்லை. பஸ்கள் தரிக்கும் இடத்தில் பஸ் கழுவும் வேலை. சங்கத்துக்கு ஒரு மாதமும் பிந்தாமல் கட்டியவன். அவனை நான் அதிகம் கணக்கெடுத்ததில்லை, உண்மையைச் சொல்லவேண்டும். தொல்லை தராத உறுப்பினரை யார் கவனிக்கிறார்கள்?

வேலைக்கு வரவில்லை என்று வேலையிடத்து ஆட்கள் தேடிப் போனபோது கட்டிலில் கிடந்தானாம். இதயம். ஐம்பத்திரண்டு வயது.

ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து ராசன் விமானத்தில் வந்தான். தேவனின் பெரியப்பா மகன், அண்ணன் முறை. மீன் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவன். நல்ல மனுசன். பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகை நடிப்பில்லை. கொள்ளிக் கடமையை அவன்தான் செய்தான்.

கிரியை முடிந்த கிழமை சங்கச் செயற்குழு கூடியது. தேவனின் படிவத்தை எடுத்து வைத்தேன். பெயர், திகதி, முகவரி, வேலை. கடைசிக் கட்டத்தில் அவனுடைய சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர். அதைத் தவிர ஒன்றும் இல்லை.

“வேறை ஆரும் இருக்கினமோ அண்ணை?” என்று செயலாளர் கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் நம்புவார்கள். நான் மறக்கவில்லை. ‘தங்கச்சிக்கு’ என்ற அந்தச் சொல் காதில் அப்படியே இருந்தது. ஆனால் சொல்வதென்றால், அவன் வந்தான், நான் கேட்கவில்லை, பொன்னாடைக்கு ஓடினேன் என்று சொல்லவேண்டும். எல்லாம் இங்கே கிடக்கு என்று நெற்றியைத் தொட்டு ஒரு மாதம் ஆகவில்லை.

“ஒருத்தரும் இல்லை. கொள்ளி வைச்சவனுக்குத்தான் உரிமை” என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் வழக்கம் அப்படித்தானே. இருபத்தெட்டாம் நாள் ராசனின் கணக்கில் காசு விழுந்தது.

வீட்டுக்கு வந்து பவளத்திடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தங்கச்சி எண்டெல்லே அந்தப் பெடியன் சொன்னது.”

“எழுத்திலை ஒண்டும் இல்லை.”

“எழுத விட்டனீங்களோ?”

“உனக்குச் சங்கத்து விசயம் விளங்காது. பேசாமல் இரு.”

அவள் பேசாமல் இருந்தாள். நாற்பது வருடக் குடும்பத்தில் நான் சொல்லி அவள் கேட்ட ஒரே விசயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு கேள்வி

இரண்டு மாதம் கழித்து வவுனியாவிலிருந்து தொலைபேசி வந்தது. மெல்லிய குரல்.

“நான் செல்வமலர். தேவன் அண்ணாவின்ரை தங்கச்சி. நீங்கள்தானே சங்கத்துக் காசு பாக்கிறது?”

காசு கேட்கப்போகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து இருந்தேன். விதிமுறைகளை மனத்துக்குள் அடுக்கினேன்.

அவள் காசைக் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னாள். தன் சீதனத்துக்கென்று தாய் எழுதி வைத்த காணியை விற்றுத்தான் அண்ணனை வெளிநாட்டுக்கு அனுப்பினாளாம். அவள் கலியாணம் கட்டவில்லை, தையல் வேலை. அவன் மாதா மாதம் அனுப்பினான். பிறகு ஏதோ ஒரு தொலைபேசிச் சண்டை. அவனைக் கலியாணம் கட்டச் சொல்லி இவள் நெருக்க, நீ கட்டாமல் இருக்கிறதுக்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்காட்டுகிறாய் என்று அவன் கத்த, சண்டை முற்றிப்போனது.

“‘இனி எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தியும் இல்லை’ எண்டு சொல்லிப்போட்டு வைச்சவர். ரெண்டு வருசம் கதை இல்லை. அதுக்குப் பிறகு செத்த சேதிதான் வந்தது.”

நான் ‘ம்’ என்றேன்.

“சங்கத்திலை பேர் குடுக்கிற வழக்கம் இருக்கெண்டு இஞ்சை ஒராள் சொன்னவர். காசு எனக்கு வேண்டாம் அண்ணை. அவர் என்ரை பேரைச் சொன்னவரோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

ஒரு சொல் போதும். ஓம் என்றால் முடிந்தது. ஆனால் ஓம் என்றால், அப்படியானால் ஏன் ராசனுக்குக் கொடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அது சங்கத்துக்கு வரும். கூட்டத்துக்கு வரும்.

“அப்பிடி எழுத்திலை ஒண்டும் இல்லைப் பிள்ளை” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு தையல் இயந்திரம் ஓடி நின்றது.

“சரி அண்ணை. நன்றி” என்றாள்.

நன்றி சொன்னாள். அந்தச் சொல்லை நான் எட்டு வருடமாக வைத்திருக்கிறேன்.

பவளத்தின் பெயர்

போன வருடம் முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டதால் கசேரர் பதவியை விட்டேன். இப்போது கார்த்திக்தான் கசேரர். எங்கள் ஆட்கள்தான் அவரைத் தெரிவு செய்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர், நான் ஒத்துக்கொள்கிறேன், என்னைவிடக் கொஞ்சம் குறைவு.

அவர் செய்த முதல் வேலை புதுப் படிவம். எல்லோருக்கும் திரும்ப அனுப்பினார். எனக்கும் வந்தது. கடைசியில் அந்தக் கட்டம், பெரிதாக. ‘நாமினி’ என்றும், எங்கள் ஆட்களுக்காக அடைப்புக்குறிக்குள் ‘பெறுபவர்’ என்றும் போட்டிருந்தார். சனம் முணுமுணுத்தது, பிறகு நிரப்பியது. ஒருத்தரும் சாகவில்லை.

சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினேன். பவளத்தின் முழுப் பெயர். எழுதி முடித்து மணிக்கூட்டைப் பார்த்தேன். அரை நிமிடம் எடுக்கவில்லை.

பேனையைக் கீழே வைக்க முடியவில்லை.

பவளம் வந்து படிவத்தை எட்டிப் பார்த்தாள். தன் பெயரைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“பேப்பரிலை உங்கடை பெருமை எல்லாம் வருது. தேவன்ரை கதையும் வருமோ?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு தொலைபேசி

முதலில் ராசனுக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும், ஒற்றைச் சப்பாத்து வரை.

“தங்கச்சியோடை அவன் கோபம் எண்டுதானே நான் இருந்தனான். எனக்கு அண்டைக்குச் சொல்லியிருந்தால் நான் ஒரு சதம் தொட்டிருப்பனோ?” என்றான். “அந்தக் காசிலை மூத்தவளுக்குக் கலியாணம் செய்தனான். எட்டு வருசமா அண்ணை என்னையும் கள்ளனாக்கி வைச்சிருந்திருக்கிறியள், எனக்கே தெரியாமல்.”

சொல்லிவிட்டு அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அடுத்த நாள் காலை வவுனியாவுக்கு எடுத்தேன். இலக்கம் மாறவில்லை.

“செல்வமலரோ? நான் ஒஸ்லோவிலை இருந்து. சங்கத்துப் பழைய...”

“குரல் தெரியுது அண்ணை.”

நேரே சொன்னேன். சுற்றி வளைத்தால் என் நாக்கு வேறு பக்கம் இழுத்துவிடும் என்று பயம். “பிள்ளை, அவர் வந்தவர். வெள்ளிக்கிழமை, என்ரை வீட்டு வாசலுக்கு. உம்மடை பேரைப் போடத்தான் வந்தவர். ‘தங்கச்சிக்கு’ எண்டு வாயைத் திறந்தவர். நான்தான் கதைக்க விடேல்லை. நீர் கேட்டநேரம் நான் மறைச்சுப்போட்டன்.”

லைன் அறுந்துவிட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றேன்.

“நிக்கிறன்.”

“அந்தக் காசை நான் தாறன். என்ரை சொந்தக் காசு. நாளைக்கே அனுப்புறன்.”

“அது உங்கடை காசு அண்ணை. அண்ணான்ரை காசில்லை. எனக்கென்னத்துக்கு?”

“பிள்ளை...”

“தங்கச்சி எண்டு சொன்னவரோ? இல்லாட்டி மலர் எண்டு சொன்னவரோ?”

“தங்கச்சிக்கு எண்டு.”

“வடிவா ஞாபகமோ?”

“வடிவா ஞாபகம்.”

அப்போதுதான் அவள் அழுதாள். அதிகம் இல்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு வந்த குரல் வேறு குரல், கோபமான குரல்.

“எட்டு வருசம் அண்ணை. எட்டு வருசமா நான் அந்த மனுசனுக்கு ஒரு திவசம் படைக்கேல்லை. தங்கச்சி இல்லை எண்டு சொன்னவனுக்கு நான் ஏன் சமைப்பான் எண்டு இருந்திட்டன். அம்மாவுக்குப் படைக்கிறன், அப்பாவுக்குப் படைக்கிறன். அவரை மட்டும் பட்டினி போட்டு வைச்சிருந்தனான். தெரியுமோ உங்களுக்கு?”

தெரியாது என்றேன். மன்னிக்கச் சொல்லி ஏதோ தொடங்கினேன்.

“அதெல்லாம் பிறகு. திதியைச் சொல்லுங்கோ. நான் அண்டைக்குக் குறிச்சு வைக்கேல்லை.”

திதி எனக்குத் தெரியவில்லை. அவன் இறந்த ஆங்கிலத் திகதி தெரியும். காசு போன திகதி தெரியும். உறுப்பினர் இலக்கம் தெரியும். தொலைபேசியைக் காதில் வைத்தபடியே மேசை லாச்சியைத் திறந்து பழைய பஞ்சாங்கக் கலண்டர்களைக் கிளறினேன். இரண்டு கீழே விழுந்தன.

“மாசி, அபரபக்கத் தசமி.”

பவளம்தான். அடுப்படிக்குள் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். கலண்டரைப் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. சட்டியில் அகப்பை நின்றிருந்தது.

உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மாசியிலும் ஒரு நாள் வீட்டில் மரக்கறியும் வடையும் பாயசமும் இருக்கும். யாருக்கு என்று ஒரு வருடம்கூடக் கேட்காமல் சாப்பிட்டிருக்கிறேன்.

“மாசி, அபரபக்கத் தசமி” என்று தொலைபேசிக்குள் சொன்னேன்.

“பொறுங்கோ, எழுதுறன். மெல்லமாச் சொல்லுங்கோ.”

மெல்லமாகச் சொன்னேன். அவள் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லி எழுதினாள். எழுதி முடியும் வரை நான் வைக்கவில்லை.